பூட்டுக்கு நூற்றுக்கு நூறு

ஒரு விமானத்தை வானத்தில் ஏற்ற எத்தனை பேர் வேண்டும் என்று கேட்டால், ஓட்டத் தெரிந்த ஒருவர் போதும் என்று விவரம் தெரியாதவர்கள் சொல்லிவிடுவார்கள். அதைத் தரையிலேயே உட்கார வைக்க எத்தனை பேர் வேண்டும் என்பது, விமானப் பாதுகாப்பு இயக்ககத்தின் நான்கு மாடிக் கட்டடத்தில் படியேறி இறங்கியவர்களுக்குத்தான் தெரியும். கேட்டுக்காரருக்கு அது ஐம்பத்து நான்காவது வயதில் தெரிய வந்தது.

இரும்புக் கேட்டும் ஜன்னல் கிரில்லும் அடித்துக் கொடுப்பது அவர் தொழில். ஊரே கேட்டுக்காரர் என்று கூப்பிட்டுக் கூப்பிட்டு, கடைசியில் அவர் மனைவியே ஃபோனை எடுத்து, "கேட்டுக்காரர் வெளிய போயிருக்காருங்க" என்று சொல்லும் அளவுக்கு ஆகிவிட்டது. ஏணியில் நாலாவது படிக்கு மேல் போனாலே அவருக்கு உள்ளங்கால் கூசும். விமானத்தில் ஏறியதும் கிடையாது, ஏறும் உத்தேசமும் கிடையாது. அவருக்கும் விமானத்துக்கும் இருந்த ஒரே சம்பந்தம் அக்கா.

அக்கா மாட்டு டாக்டராக இருந்து ஓய்வு பெற்றவள். கன்று ஈன முடியாமல் தவிக்கும் மாட்டுக்குள் தோள் வரை கைவிட்டு முப்பது வருடம் பழகியதால் உலகத்தில் எதைக் கண்டும் பயப்பட மாட்டாள். எதையும் ஞாபகம் வைத்துக்கொள்ளவும் மாட்டாள். அடுப்பில் பாலை வைத்துவிட்டு அடுத்த தெருவில் கதை பேசிக்கொண்டிருப்பாள். இப்படிப்பட்டவள், பூச்சிமருந்து தெளிக்கும் கம்பெனி ஒன்று மூடப்பட்டபோது அவர்களுடைய பழைய இரண்டு இருக்கை விமானத்தை வாங்கி, ஊருக்கு வெளியே உள்ள சின்ன விமானத் திடலில், பக்கச் சுவர் இல்லாத ஒரு கொட்டகையில் நிறுத்தி வைத்திருந்தாள். காலையில் ஒரு மணி நேரம் மேலே போய்விட்டு வந்தால்தான் அவளுக்குப் பொழுது விடியும்.

நிற்கும் விமானத்துக்குக் காற்று ஒரு சனியன். இறக்கையிலும் வாலிலும் அசையும் தகடுகள் உண்டு. காற்று அவற்றை அடித்து அடித்துக் கீலைப் பிடுங்கிவிடும். அதனால் நிறுத்தியதும், அந்தத் தகடுகளை ஆட்டுகிற ஸ்டியரிங் அசையாதபடி ஒரு கம்பியைக் குறுக்கே செருகிப் பூட்ட வேண்டும். அந்தக் காலத்து விமானம் என்பதால் கம்பெனிக்காரன் பூட்டு எதுவும் கொடுக்கவில்லை. அக்கா ஒரு ஸ்க்ரூடிரைவரைச் செருகி வைத்துக்கொண்டிருந்தாள். ஒருநாள் அதை எடுக்க மறந்து கிளம்பிவிட்டாள்.

"நல்ல வேகத்துல போயிட்டு இருக்கேன்டா. மேல ஏற ஸ்டியரிங்கை இழுக்கறேன், வரவே இல்ல. என்னடான்னு பாத்தா, ஸ்க்ரூடிரைவர்!" என்று சாப்பிடும்போது சொல்லிச் சிரித்தாள். விமானம் ஓடுபாதையைத் தாண்டி முள்புதருக்குள் மூக்கை நுழைத்துக்கொண்டு நின்றதாம்.

கேட்டுக்காரருக்குச் சிரிப்பு வரவில்லை. எடுத்த கவளம் வாய்க்குப் போகவில்லை. அவருக்கென்று கூடப்பிறந்தவள் அவள் ஒருத்திதான். மறுநாள் கடையைத் திறந்ததும், யார் வீட்டு ஜன்னலுக்கோ வெட்டி மிஞ்சிய கம்பியை எடுத்தார். அதை வளைத்து, ஸ்டியரிங் ஓட்டைக்குள் சரியாக இறங்கும்படி ராவி, உள்ளங்கை அகலத்துக்கு ஒரு தகட்டை அதில் பற்றவைத்து, சிவப்புப் பெயிண்ட் அடித்தார். பூட்டைச் செருகினால் தகடு வந்து என்ஜின் சாவித்துவாரத்தின் மேல் உட்கார்ந்துகொள்ளும். பூட்டை எடுக்காமல் சாவி போடவே முடியாது. அக்கா எதை மறந்தாலும் சரி, அதை மறக்க வழியில்லை.

கையோடு ஓர் இழுகம்பியும் செய்தார். கொட்டகையிலிருந்து விமானத்தை முன்சக்கரத்தில் கம்பி மாட்டித்தான் வெளியே இழுக்க வேண்டும். பழைய கம்பியைக் கழற்றாமலே அக்கா என்ஜினைப் போட, முன்னாலிருக்கும் விசிறி அதை மூன்று துண்டாக வெட்டியிருந்தது. புதுக் கம்பியில் கேட்டுக்காரர் ஒரு ஸ்பிரிங் வைத்தார். கையால் பிடித்திருக்கும்வரை சக்கரத்தைக் கவ்விக்கொள்ளும். கையை விட்டால் டங்கென்று கீழே விழும்.

இரண்டு வருடம் எல்லாம் நன்றாகத்தான் போயிற்று. பிறகு வருடாந்திரச் சோதனைக்கு இயக்ககத்திலிருந்து ஓர் ஆய்வாளர் வந்தார். முந்தைய வருடங்களில் வந்தவர் எண்ணத் தெரியாதவர். இவர் எண்ணுவார். அந்த வகை விமானத்தில் நானூற்றுப் பன்னிரண்டு பொருள்கள் இருக்க வேண்டும் என்று பட்டியல் சொன்னது. இவர் எண்ணியபோது நானூற்றுப் பதினான்கு வந்தது. ஒன்று குறைந்திருந்தால்கூடப் பரவாயில்லை, விட்டிருப்பேன் என்று அவரே பிற்பாடு சொன்னார். அதிகமாக இருப்பதை மட்டும் இயக்ககம் பொறுத்துக்கொள்ளாது.

"இதைச் செஞ்சது யாரு?"

"என் தம்பி" என்றாள் அக்கா பெருமையாக.

"அவர் என்ன படிச்சிருக்கார்?"

"கேட்டு அடிக்கிறான். நல்லா அடிப்பான்."

ஆய்வாளர் விமானத்தின் கதவில் கயிறு கட்டி அரக்கு முத்திரை வைத்தார். அங்கீகாரமற்ற இரண்டு உதிரிகளுக்கும் உரிய ஒப்புதல் பெறும்வரை மேற்படி விமானம் பறக்கலாகாது என்று நோட்டீஸ் வந்தது. இரண்டையும் தூக்கிப் போட்டுவிட்டால் தீர்ந்ததே என்று கேட்டால், சோதனையில் கண்டெடுத்த பொருளை அப்புறப்படுத்துவது தடயத்தை அழிப்பது ஆகுமாம். அதற்கு வேறு விதி.

இதில் அவசரம் ஒன்று இருந்தது. அறுபது வயது முடிந்தவர்களுக்கு இயக்ககம் உரிமம் தராது. அக்காவுக்கு அறுபது முடிய ஏழு மாதம்தான் இருந்தது. முத்திரை வைத்த ஒவ்வொரு காலையும் அவள் கணக்கிலிருந்து போய்க்கொண்டிருந்தது. பூட்டைச் செய்தவர் விண்ணப்பிக்க வேண்டும் என்பதால், கேட்டுக்காரர், காட்டுவதற்காக ஆய்வாளர் வெளியே எடுத்துக் கொடுத்திருந்த பூட்டையும் இழுகம்பியையும் ஒரு சாக்கில் சுற்றிக்கொண்டு இயக்ககத்துக்குப் போனார்.

இயக்ககத்தில் இரண்டாம் மாடி பொருத்தப்படும் பொருள்களுக்கானது. மூன்றாம் மாடி பொருத்தப்படாத பொருள்களுக்கானது.

"இதை எப்பவாவது கழட்டுவீங்களா?" என்று இரண்டாம் மாடி குமாஸ்தா கேட்டார்.

"கழட்டித்தானே சார் ஓட்டணும்."

"அப்ப மேல போங்க."

"இதை எப்பவாவது மாட்டுவீங்களா?" என்று மூன்றாம் மாடி குமாஸ்தா கேட்டார்.

"மாட்டத்தானே சார் செஞ்சது."

"அப்ப கீழ போங்க."

ஒன்றரை மாதம் இப்படிப் போயிற்று. இழுகம்பி ஆறடி நீளம். ஒவ்வொரு திருப்பத்திலும் அதைச் சுவரில் இடிக்காமல் திருப்பிக்கொண்டு போவதற்கே அவருக்குத் தனித் திறமை வந்துவிட்டது. கடையில் வேலை அப்படியே கிடந்தது. பாதி கேட்டு மாட்டிய வீட்டுக்காரர்கள் ஃபோன் போட்டு, நாய் உள்ளே வருகிறது என்று கத்தினார்கள். ஒருநாள் முழங்கால் விட்டுப்போய், இரண்டாம் மாடிக்கும் மூன்றாம் மாடிக்கும் நடுப்படியிலேயே அவர் உட்கார்ந்துவிட்டார். அந்தக் கட்டடத்தின் வரலாற்றில் எந்த மாடியிலும் சேராத இடத்தில் உட்கார்ந்த முதல் ஆள் அவர்தான். என்ன செய்வதென்று தெரியாமல் இரண்டு குமாஸ்தாக்களும் இயக்குநரிடம் ஓடினார்கள். இப்படியாகத்தான் அவருக்கு இயக்குநரின் தரிசனம் கிடைத்தது.

நான்காம் மாடியில் இயக்குநரின் அறை. வெயில் பட்டால் கோப்புகள் வெளிறிவிடும் என்று ஜன்னல் திரைகளை இழுத்து மூடியிருந்தார்கள். சுவரோரம் ஒரு கண்ணாடிப் பெட்டி காலியாக நின்றது. இயக்குநர் நல்ல மனிதர். வந்தவரை உட்காரச் சொன்னார், தண்ணீர் கொடுக்கச் சொன்னார், அப்புறம் பேச ஆரம்பித்தார்.

"பாதுகாப்புன்னா என்னன்னு நினைக்கறீங்க? நான் இந்த நாற்காலியில உக்காந்து ஒன்பது வருஷம் ஆச்சு. இந்த ஒன்பது வருஷத்துல என் எல்லைக்குள்ள ஒரு சின்ன விமானம் விழுந்ததுன்னு காட்டுங்க, பாப்போம். முடியாது. ஏன் விழல? மேல போனாத்தானே விழறதுக்கு! நான் வந்தப்ப நாப்பது விமானம் பறந்துட்டு இருந்துச்சு. ஒரு ஒழுங்கு இல்ல, ஒண்ணும் இல்ல. கண்ட நேரத்துல கிளம்பும், கண்ட நேரத்துல இறங்கும். ஒவ்வொண்ணா சரி பண்ணினேன். போன வருஷம் அஞ்சு. இந்த வருஷம் உங்க அக்காவோடது ஒண்ணுதான் பாக்கி. இன்னும் கொஞ்சம் உழைச்சா பூஜ்யத்தைத் தொட்டுடலாம்."

"சாருக்கு விமானம்னா ரொம்பப் பிடிக்குமோ?" என்று கேட்டுக்காரர் மரியாதைக்குக் கேட்டு வைத்தார்.

"ஐயோ, எனக்குத் தலை சுத்தும். நான் ரயில்லதான் போவேன்."

பிறகு பூட்டை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார். இரண்டு மாடிகளையும் ஒன்றரை மாதம் ஆட்டி வைத்த சிக்கலை அவர் அரை நிமிடத்தில் அவிழ்த்துவிட்டார்.

"மாட்டியிருக்கும்போதுதானே இது வேலை செய்யுது? அப்ப இது பொருத்தப்படுற பொருள். இழுகம்பியும் அப்படித்தான். விஷயம் முடிஞ்சுது. பொருத்தப்படுற பொருள் எதுவா இருந்தாலும், பொருத்தின நிலையிலேயே பத்து நிமிஷம் பறந்து காட்டணும். நாள் குறிச்சுக்குங்க."

கேட்டுக்காரருக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"சார், பறக்காம இருக்கும்போது போடற பூட்டு சார் இது. இதை மாட்டிட்டுப் பறக்க முடியாது."

"முடியுமா முடியாதாங்கறதைச் சோதனை சொல்லணும். நீங்க சொல்லக் கூடாது. நீங்க விண்ணப்பதாரர்."

"எங்க அக்கா செத்துருவாங்க சார்."

"அதுக்குத் தனிப் படிவம் இருக்கு" என்றார் இயக்குநர் கனிவாக. "கீழ வாங்கிக்குங்க."

அக்காவிடம் இதைச் சொன்னபோது அவள் பயப்படவில்லை. பயப்படுவாள் என்று எதிர்பார்த்தது அவர் தப்பு.

"நாள் குறிச்சுட்டு வந்தியா இல்லையா?"

"ஏன்க்கா, நான் என்ன சொல்றேன், நீ என்ன கேக்கற? பூட்டை மாட்டிட்டுப் பறக்கணுமாம்!"

"அட மண்டு, உன் தகடு இருக்கே. பூட்டு மாட்டியிருந்தா சாவியே போகாது. என்ஜின் கிளம்பாது. பத்து நிமிஷம் சும்மா உக்காந்துட்டு இறங்கி வந்துடப் போறோம். எழுதறதை அவங்க எழுதிக்கட்டும். அஞ்சு மாசம்தான்டா இருக்கு, சீக்கிரம் முடி."

தான் செய்த தகட்டை அவர் மறந்தே போயிருந்தார். மறதி அந்தக் குடும்பத்துச் சொத்து.

சோதனை நாளன்று ஆய்வாளர் தலைக்குப் பெரிதான ஒரு ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு, கழுத்தில் விசிலும் கையில் ஒன்பது பக்கப் படிவமுமாக வந்தார். முத்திரையைப் பிரித்தார். முதலில் இழுகம்பி.

"மாட்டுங்க. ம், இப்ப கையை விடுங்க."

விட்டார். டங்கென்று விழுந்தது. ஆய்வாளர் எழுதிக்கொண்டார். மறுபடி மாட்டச் சொன்னார். மறுபடி விழுந்தது. பதினோரு தடவை மாட்டினார்கள், பதினோரு தடவையும் விழுந்தது.

"ஒரு தடவைகூட நிக்கல. ரொம்ப மோசம்."

"விழணும்னுதான் சார் ஸ்பிரிங் வச்சேன்."

"பொருத்தின பொருள் கழறக் கூடாது. போல்ட் போட்டு முடுக்கிடுங்க."

"முடுக்கினா விசிறி வெட்டிடும் சார்."

"விசிறி வேற பிரிவு" என்றார் ஆய்வாளர்.

அடுத்தது பூட்டு. அக்கா ஏறி உட்கார்ந்தாள். பக்கத்து இருக்கையில் ஆய்வாளர் உட்கார்ந்து பெல்ட்டை மாட்டிக்கொண்டு, கண்ணை இறுக மூடித் திறந்து, "கிளப்புங்க" என்றார். அக்கா சாவியைக் கொண்டுபோய்த் தகட்டின் மேல் டொக் டொக் என்று இரண்டு தட்டுத் தட்டிக் காட்டினாள்.

"சாவி எங்க போடறது?"

"தகட்டுக்குப் பின்னாடி."

"தகட்டை எடுங்க."

"பூட்டை எடுத்தாத்தான் தகடு வரும்."

"பூட்டை எடுக்கக் கூடாது. பொருத்தின நிலை."

"அப்ப சாவி போட முடியாது" என்று அக்கா இனிமையாகச் சொன்னாள். இத்தோடு முடிந்தது என்று கேட்டுக்காரரும் வெளியே நின்று மூச்சு விட்டார். ஆனால் ஆய்வாளர் சும்மா இருக்கவில்லை. அவரும் ஒரு மாதிரிக் கெட்டிக்காரர்தான். தகட்டைக் குனிந்து பார்த்தார், விரலால் அளந்தார், தலையை வெளியே நீட்டினார்.

"இது ஒண்ணும் பெரிய விஷயம் இல்லையே. தகட்டுல சாவி நுழையற அளவுக்கு ஒரு ஓட்டை போட்டுடுங்க. உங்ககிட்ட டிரில் இருக்குமே?"

டிரில் வண்டியில் இருந்தது. கேட்டுக்காரர் தினமும் பத்து ஓட்டை போடுகிறவர். அந்தத் தகட்டில் ஓட்டை போட அரை நிமிடம் ஆகாது. ஆனால் அவர் நின்ற இடத்தை விட்டு நகரவில்லை.

"போட மாட்டேன் சார்."

"போடலேன்னா சோதனை நிறைவேறலைன்னு எழுத வேண்டி வரும். மறுசோதனைக்கு ஆறு மாசம் ஆகும்."

ஆறு மாதம் என்றதும் அக்காவின் முகம் மாறியது. அவள் இறங்கி வந்து, தம்பியைத் தனியாக இறக்கைக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு போனாள்.

"போட்டுத் தொலைடா. நான் என்ன, வேணும்னே பறக்கவா போறேன்? மெதுவா நாலடி நகர்த்திட்டு, ஸ்டியரிங் வரலைன்னு நிறுத்திடறேன். ஆறு மாசம் போனா எல்லாம் போச்சு. புரியுதா உனக்கு?"

"இன்னிக்கு நீ ஞாபகம் வச்சிருப்பக்கா. இன்னும் ஒரு மாசம் கழிச்சு? ஓட்டை அப்படியே இருக்கும்ல?"

"வேற தகடு வச்சுக்கலாம்."

"ஒப்புதல் வாங்கினதை மாத்த விடுவாங்களா? ஓட்டையோட ஒப்புதல் வாங்கினா, சாகற வரைக்கும் ஓட்டையோடதான். நான் போட மாட்டேன். நீ என்னோட பேசலேன்னாலும் சரி."

அவள் பேசவில்லை. அன்றைக்கும் பேசவில்லை, அதற்கப்புறமும் பேசவில்லை. விறுவிறுவென்று போய் இருக்கையில் ஏறி உட்கார்ந்துகொண்டாள். அவருக்கு அழுகை முட்டியது. சாக்கை உதறி மடிக்கிற சாக்கில் திரும்பிக்கொண்டார்.

ஆய்வாளர் படிவத்தைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். கடைசியில், பறத்தல் நேரம் என்பது பெல்ட்டை மாட்டியதிலிருந்து கணக்கிடப்படும் என்ற அடிக்குறிப்பு அவர் கண்ணில் பட்டது. அவர் முகம் மலர்ந்தது. விசில் ஊதினார். நின்ற இடத்திலேயே நின்ற விமானத்துக்குள் பத்து நிமிடம் நேராக முன்னால் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். நடுவில் ஒருமுறை வியர்வையைத் துடைத்துக்கொண்டார். பத்தாவது நிமிடம் மறுபடி விசில் ஊதிவிட்டு எழுத ஆரம்பித்தார். பூட்டு நழுவியதா? இல்லை. அதிர்ந்ததா? இல்லை. சூடானதா? இல்லை. விமானம் விழுந்ததா? இல்லை. இப்படியே ஒன்பது பக்கம். முடிந்ததும் கதவில் மறுபடியும் அரக்கு வைத்துவிட்டுப் போனார்.

மூன்று வாரம் கழித்து ஒரே உறையில் இரண்டு காகிதங்கள் கேட்டுக்காரர் கடைக்கு வந்தன. முதல் காகிதம் தங்க நிற ஓரம் போட்ட சான்றிதழ். பறத்தல் சோதனையின் எல்லாக் கட்டங்களிலும் பூட்டு குறையின்றித் தேறியிருப்பதாகவும், நூற்றுக்கு நூறு பெற்றிருப்பதாகவும் சொன்னது. இரண்டாவது காகிதத்துக்கு ஓரம் இல்லை. பறத்தல் சோதனையில் மேற்படி ஊர்தி பறக்கவில்லை, பறக்காமைக்குப் பூட்டு காரணமாக இருக்க இயலாது, ஏனெனில் பூட்டு தேறிவிட்டது, ஆகவே குறை ஊர்தியினுடையது, பறக்க இயலாத ஒன்று விமானம் ஆகாது, ஆகவே மேற்படி பொருள் விமானம் அல்ல என்று இதனால் சான்றளிக்கப்படுகிறது. கீழே இயக்குநரின் கையெழுத்து.

கேட்டுக்காரர் அதை மூன்று தடவை படித்தார். தன் பிடிவாதத்தால் அக்காவின் விமானம் விமானமாகவே இல்லாமல் போய்விட்டது என்பது மட்டும்தான் அவருக்குப் புரிந்தது. டிரில் மெஷினை எடுத்துக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போனார். காகிதத்தை நீட்டி, "ஓட்டை போட்டுடறேன்க்கா. மறுசோதனைக்கு எழுதிப் போடலாம்" என்றார்.

அக்கா காகிதத்தை வாங்கிப் படித்தாள். உள்ளே பால் பொங்கி வழியும் வாசனை வந்தது. இரண்டு பேரும் போகவில்லை.

"டேய், எனக்கு இந்த எழுத்து சரியாத் தெரியல. கடைசி வரியைப் படி."

"மேற்படி பொருள் விமானம் அல்ல என்று இதனால்..."

"மறுபடி படி."

படித்தார். அக்கா மூன்று வாரத்துக்குப் பிறகு முதல் முறையாகச் சிரித்தாள். புதருக்குள் மூக்கை நுழைத்த கதையைச் சொல்லும்போது சிரித்த அதே சிரிப்பு. "கிளம்பு. இயக்குநரைப் பாக்கணும்" என்றாள்.

நான்காம் மாடியில் இயக்குநர் அவர்களை வாயெல்லாம் பல்லாக வரவேற்றார். ஒன்பது வருடத்தில் முதன்முதலாக அவர் எல்லைக்குள் பறக்கும் விமானங்களின் எண்ணிக்கை பூஜ்யம் ஆகியிருந்தது.

"சார், இது விமானம் இல்லேன்னா வேற என்ன?" என்று அக்கா அப்பாவியாகக் கேட்டாள்.

"அது எங்களுக்குச் சம்பந்தம் இல்லாத கேள்விம்மா. விமானமா இருந்தாத்தான் நாங்க பேசுவோம். விமானம் இல்லாத பொருளைப் பத்தி இந்த இயக்ககம் வாயைத் திறக்காது."

"அப்ப அதை நான் என்ன வேணா பண்ணிக்கலாமா?"

"தாராளமா. உள்ள கோழி வளருங்க. சிமெண்ட் மூட்டை அடுக்குங்க. எங்களுக்கு என்ன?"

"முத்திரை?"

"முத்திரை விமானத்துக்குத்தான் வைப்போம். நாளைக்கே ஆய்வாளர் வந்து பிரிச்சுட்டுப் போவார்."

"எனக்கு அறுபது ஆகப் போகுதுங்க. அந்தப் பொருளை வச்சுக்கறதுக்கு வயசு வரம்பு ஏதாவது உண்டா?"

இயக்குநருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "விமானம் அல்லாத பொருளுக்கு என்னம்மா வயசு வரம்பு? தொண்ணூறு வயசு வரைக்கும் வச்சுக்குங்க."

"நீங்க சொன்னதையெல்லாம் எழுதிக் குடுத்தீங்கன்னா, யாராவது கேட்டா காட்ட வசதியா இருக்கும்."

எழுதிக் கொடுப்பது இயக்குநருக்கு மிகவும் பிடித்த காரியம். குமாஸ்தாவைக் கூப்பிட்டு, கமா புள்ளி எல்லாம் சொல்லிச் சொல்லி ஒரு பக்கத்துக்கு எழுத வைத்து, மூன்று முத்திரை குத்தினார். பதிலுக்கு அவருக்கும் ஒரு கோரிக்கை இருந்தது. நூற்றுக்கு நூறு வாங்கிய ஒரே உதிரி என்பதால், அந்தப் பூட்டை இயக்ககத்தின் கண்ணாடிப் பெட்டியில் வைக்க வேண்டும். அதற்கு ஒரு சின்ன விழா. அக்காவிடம் நாள் கேட்டார். அவள் தன் பிறந்தநாளைச் சொன்னாள். அன்றைக்கு அறுபது முடிகிறது என்பதை மட்டும் சொல்லவில்லை.

விழா நாள் காலையில் கேட்டுக்காரர் திடலுக்குப் போய், விமானத்திலிருந்து பூட்டை உருவிப் பையில் போட்டுக்கொண்டார். வெறும் பொருளாகிவிட்ட அதைப் பார்க்க அவருக்கு மனசு கஷ்டமாக இருந்தது. இந்தக் காகிதங்களையெல்லாம் வாங்கி அக்கா என்ன செய்யப் போகிறாள் என்று அவர் கேட்கவில்லை. கேட்டால் கோழி வளர்க்கப் போகிறேன் என்று சொல்லிவிடுவாளோ என்று பயம். அக்கா கொட்டகை வாசல்வரை வந்து, "பூட்டை எடுத்துக்கிட்டியா? நல்லாப் பாரு. பையில இருக்கா?" என்று இரண்டு தடவை கேட்டாள். வாழ்நாளில் அவள் இன்னொருவருக்கு ஒன்றை ஞாபகப்படுத்தியது அதுவே முதல் தடவை. அவருக்கு அப்போதும் உறைக்கவில்லை.

பதினொரு மணிக்கு விழா ஆரம்பித்தது. நான்கு மாடி ஊழியர்களும் இயக்குநர் அறையில் நெருக்கியடித்து நின்றார்கள். கண்ணாடிப் பெட்டியைத் துடைத்து வைத்திருந்தார்கள். இயக்குநர் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"இந்தப் பூட்டைப் பாருங்க. இதை மாட்டின எந்த விமானமும் இதுவரைக்கும் விபத்துல சிக்கினது இல்ல. நம்ம இயக்ககம் இத்தனை வருஷமா படிவம் போட்டு, நோட்டீஸ் போட்டு, படியேற வச்சு செஞ்ச வேலையை இந்த ஒரு கம்பி தனியாச் செய்யுது. இது முன்னாடியே கிடைச்சிருந்தா இந்தக் கட்டடமே தேவைப்பட்டிருக்காது..."

கைதட்டினார்கள். கைதட்டல் அடங்கியபோது வேறொரு சத்தம் கேட்டது. தூரத்திலிருந்து கிளம்பி, நெருங்கி நெருங்கி வந்தது. கேட்டுக்காரருக்கு அந்த என்ஜினின் இருமல்கூடப் பழக்கம். கை தன்னால் பைக்குள் போயிற்று. கம்பி இருந்தது, தகடு இருந்தது. விரலால் தகட்டைத் தடவித் தடவிப் பார்த்தார். பூட்டு இங்கே இருக்கிறது, அங்கே இல்லை. காலையில் அவள் இரண்டு தடவை கேட்டது எதற்கு என்று அப்போதுதான் அவருக்கு உறைத்தது.

யாரோ திரையை விலக்கினார்கள். ஒன்பது வருடத்துக்குப் பிறகு அந்த அறையில் வெயில் விழுந்தது. மொட்டைமாடிகளுக்கு மேலே தாழ்வாக வந்தது அந்தப் பொருள். கட்டடத்துக்கு நேராக வந்ததும் இடது இறக்கையைச் சாய்த்தது, அப்புறம் வலது இறக்கையைச் சாய்த்தது.

"என்னய்யா அது?" என்றார் இயக்குநர்.

ஆய்வாளர் கோப்பைப் புரட்டினார். அவர் எதையும் பார்க்காமல் சொல்கிறவர் இல்லை. "ஐயா, அது விமானம் இல்லைங்க. நீங்கதான் கையெழுத்துப் போட்டிருக்கீங்க."

இயக்குநர் கோப்பை வாங்கிக் கையெழுத்தைப் பார்த்தார். அவருடையதுதான்.

"வயசு?"

"வயசு வரம்பு இல்லைன்னும் நீங்களே எழுதியிருக்கீங்க."

"அப்ப நம்ம எண்ணிக்கை?"

"பூஜ்யம்தாங்க ஐயா. மாத்தமே இல்ல."

இயக்குநரின் முகம் தெளிந்தது. "பின்ன என்னத்துக்கு எல்லாரும் மேல பாத்துட்டு நிக்கறீங்க? திரையை மூடுங்க, கோப்பெல்லாம் வெளிறுது. கேட்டுக்காரரே, வாங்க. பூட்டைக் குடுங்க, பெட்டியில வைப்போம்."

கேட்டுக்காரர் ஜன்னலை விட்டு நகரவில்லை. பூட்டைப் பையிலிருந்து எடுத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். அக்கா ஒரு வட்டம் அடித்துத் திடல் பக்கம் திரும்பிக்கொண்டிருந்தாள்.

"கொஞ்சம் இருங்க சார், தரேன்" என்றார். "அவ இறங்கற வரைக்கும் என் கையில இருக்கட்டும்."